பேட்டரி புல்வெட்டி வாங்க வோல்ட் எண் மட்டும் போதுமா?

இணையக் கடைகளில் பேட்டரியில் இயங்கும் புல்வெட்டியைத் தேடுபவர்கள் சில நிமிடங்களிலேயே எண்களின் நெரிசலில் சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு கருவியின் மேல் 18 வோல்ட் என்றும், ஏறத்தாழ அதே தோற்றமுள்ள இன்னொன்றின் மேல் 21 வோல்ட் என்றும், அவை இரண்டையும்விட விலை குறைந்த மூன்றாவது ஒன்றின் மேல் 88 விஎஃப் என்றும் எழுதியிருக்கிறது. எண் கூடினால் சக்தியும் கூடும் என்று நம்பிப் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். பத்து நிமிடத்தில் நின்றுபோகும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பேட்டரிக் கருவிகளே உதவாதவை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். நம்பிக்கை, முடிவு இரண்டுமே பிழையானவை. நல்ல பேட்டரி புல்வெட்டி ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் ஏற்ற கருவி. அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அறிவும் பள்ளிப் பாடத்தில் படித்த பெருக்கல், வகுத்தலைத் தாண்டியது அன்று.

இழை எப்படி வெட்டுகிறது

இக்கட்டுரை பேசுவது, நீண்ட தண்டின் கீழ்முனையில் சுழலும் தலையிலிருந்து நைலான் இழை வெளியே நீண்டு புல்லை அறுக்கும் கைக்கருவியைப் பற்றி. கடைகளில் இதை கிராஸ் டிரிம்மர் என்றும், தோப்புகளில் பயன்படும் பெட்ரோல் வகையை பிரஷ் கட்டர் என்றும் சொல்கிறார்கள். சக்கரம் வைத்துத் தள்ளிச் செல்லும் புல்தரை இயந்திரம் வேறு. அது சமமான தரைக்கு உரியது. வேலியோரம், மதிலோரம், மரத்தடி, மேடுபள்ளமான கொல்லை ஆகிய இடங்களில் உதவுவது இழை வெட்டிதான்.

இதன் கரு 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவருக்குத் தோன்றியது. தானியங்கி நிலையத்தில் காரைக் கழுவிய நைலான் தூரிகைகள் சுழலும்போது விறைத்து நிற்பதைக் கவனித்த அவர், பாப்கார்ன் தகரடப்பா ஒன்றில் துளையிட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, சுழலும் இயந்திரம் ஒன்றில் பொருத்திப் பார்த்தார். அப்படிப் பிறந்த கருவியின் அடிப்படை இன்றும் மாறவில்லை. கையில் எடுத்தால் துவண்டு தொங்கும் இழை, வேகமாகச் சுழலும்போது வெளிநோக்கி இழுக்கப்பட்டுக் கம்பிபோல விறைக்கிறது. அதன் நுனி மோதும் வேகத்தில் புல்லின் தண்டு வளைந்து விலக நேரம் இருப்பதில்லை, அறுந்துவிடுகிறது.

அந்த வேகத்தைக் கணக்கிட்டால் வியப்பாக இருக்கும். 30 சென்டிமீட்டர் வெட்டு அகலம் உள்ள தலை நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், இழையின் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 94 மீட்டர், அதாவது மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெட்டுவது இழையின் கனமோ கூர்மையோ அல்ல, நுனியின் இந்த வேகமே. கருவியின் மற்ற எல்லாப் பாகங்களும் இந்த வேகத்தை உண்டாக்கவும், புல் மோதும்போது அது விழாமல் காக்கவுமே இருக்கின்றன.

வோல்ட், ஆம்பியர்-மணி, வாட்-மணி

மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தத்துடன் கீழே குழாயில் தண்ணீர் வரும். மின்சாரத்தில் அந்த உயரத்துக்கு இணையானது வோல்ட். அது மின்னோட்டத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கு இணையானது ஆம்பியர்-மணி. அது பேட்டரியில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தின் அளவு. குழாயில் ஒரு விநாடியில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு இணையானது ஆம்பியர்.

இப்போது அந்தத் தண்ணீரை விழவைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, தண்ணீரின் அளவு மட்டுமும் தீர்மானிப்பதில்லை. இரண்டின் பெருக்கற்பலனே தீர்மானிக்கிறது. ஐந்தாவது மாடியில் வைத்த ஒரு குடம் தண்ணீரைவிட முதல் மாடியில் வைத்த ஆயிரம் லிட்டர் தொட்டி சக்கரத்தை நெடுநேரம் சுழற்றும். பேட்டரியிலும் அப்படியே: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கிடைப்பது வாட்-மணி. பேட்டரியில் இருக்கும் மொத்த ஆற்றலின் அளவு அதுவே. நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி.

18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 72 வாட்-மணி. 36 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதும் அதே 72 வாட்-மணிதான். முதலாவதைவிட இரண்டாவது இரண்டு மடங்கு ஆற்றல் கொண்டது என்று விற்பனையாளர் சொன்னால் அது பிழை.

அப்படியானால் அதிக வோல்ட்டுக்குப் பயனே இல்லையா என்ற கேள்வி எழும். பயன் உண்டு, ஆனால் அது சொல்லப்படும் அளவுக்குப் பெரிதன்று. ஒரே அளவு சக்தியைக் கொடுக்க 18 வோல்ட் கருவி 20 ஆம்பியர் ஓடவிட வேண்டிய இடத்தில் 36 வோல்ட் கருவிக்கு 10 ஆம்பியர் போதும். கம்பியிலும் இணைப்புகளிலும் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வெப்பம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 700, 800 வாட் வேண்டிய பெரிய கருவிகளுக்கு 36, 40, 56 வோல்ட் பேட்டரிகளைப் பயன்படுத்துவதன் நியாயம் இதுவே. 300 வாட்டில் ஓடும் சிறு கருவிக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

சுருக்கமாகச் சொன்னால், வோல்ட் என்பது அழுத்தம், ஆம்பியர்-மணி என்பது சேமிப்பின் அளவு, வாட்-மணி என்பது இரண்டும் சேர்ந்த மொத்த ஆற்றல். இரு பேட்டரிகளை ஒப்பிட வேண்டுமானால் வாட்-மணியை ஒப்பிட வேண்டும்.

ஒரே பேட்டரிக்கு மூன்று பெயர்

இக்கருவிகளில் இருப்பவை லித்தியம்-அயனிக் கலங்கள். கலம் என்பது பேட்டரிக்குள் இருக்கும் தனி அலகு. பெரும்பாலானவற்றில் விரல்பருமனுள்ள உருளையாக இருக்கும். ஒரு கலத்தின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுவதும் மின்னேற்றிய உடனே 4.2 வோல்ட். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் சராசரியாக 18 வோல்ட்டும், முழு மின்னேற்றத்தில் 21 வோல்ட்டும் கிடைக்கும். ஆகவே 18 என்றும், 20 மேக்ஸ் என்றும், 21 என்றும் வெவ்வேறு நிறுவனங்கள் எழுதுவது ஒரே ஐந்து கலங்களைத்தான். 36 என்பதும் 40 மேக்ஸ் என்பதும் இதேபோல ஒரே பத்துக் கலங்கள். இதில் பொய் எதுவும் இல்லை. அளக்கும் தருணம்தான் வேறு. ஆனால் 18ஐவிட 21 சிறந்தது என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுகிறார்.

48 விஎஃப், 88 விஎஃப், 128 விஎஃப் என்று மலிவான கருவிகளில் காணப்படும் எண்கள் இவற்றோடு சேர்த்துப் பார்க்கத் தக்கவை அல்ல. அவை வோல்ட் அளவுகள் அல்ல. வாங்குபவர் வோல்ட் என்று படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்த எழுத்துகள் சேர்க்கப்படுவதாக நான் கருதுகிறேன், அது நேர்மையற்ற செயல் என்றும் கருதுகிறேன். இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. இத்தகைய கருவியோடு வரும் சிறு சார்ஜரின் முதுகில், அது வெளியிடும் மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணை 4.2ஆல் வகுத்தால் தொடரில் உள்ள கலங்களின் எண்ணிக்கை கிடைக்கும். சார்ஜர் 21 வோல்ட் என்று சொன்னால் பேட்டரியில் ஐந்து கலங்களே தொடரில் உள்ளன. பெட்டியின் மேல் எந்த எண் இருந்தாலும் அது 18 வோல்ட் கருவிதான்.

இன்னொரு சோதனை எடை. மிகப் பரவலாகப் பயன்படும் 18650 வகைக் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. எடை 45 முதல் 50 கிராம் வரை. இந்த அளவிலுள்ள நல்ல கலங்களின் கொள்ளளவு 2 முதல் 3.5 ஆம்பியர்-மணிக்குள் அடங்கிவிடும். அதிலும் மோட்டாரை ஓட்டத் தேவையான பெரும் மின்னோட்டத்தைத் தரக்கூடியவை 2 முதல் 3 வரைதான் தாங்கும். ஐந்து கலங்களும் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்து 400 கிராமுக்கு உட்பட்டு இருக்கும் பேட்டரி 2 அல்லது 2.5 ஆம்பியர்-மணி கொண்டது என்று சொன்னால் நம்பலாம். அதே எடையில் 24,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 24 ஆம்பியர்-மணி, என்று எழுதியிருந்தால் அதை நம்ப வழியே இல்லை. நல்ல நிறுவனங்களின் பேட்டரிகள்கூட, உறையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 100 முதல் 150 வாட்-மணி என்ற அளவை ஒட்டியே நிற்கின்றன.

தரமான பேட்டரியின் உறைமேலேயே வாட்-மணி அச்சிடப்பட்டிருக்கும். விமானப் பயண விதிகளுக்கும் அந்த எண்ணே அடிப்படை: 100 வாட்-மணிக்கு உட்பட்ட உதிரி பேட்டரியைக் கைப்பையில் கொண்டுவரலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கிவருவதாக இருந்தால் இதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

ஆற்றல் எங்கே செலவாகிறது

பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தோம். அது எங்கே போகிறது என்பதையே பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். புல்லை வெட்டவே மின்சாரம் செலவாகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில், மெல்லிய புல்லை வெட்டும்போது ஆற்றலின் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இழையைக் காற்று ஓயாமல் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தடையை எதிர்த்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லே இல்லாத இடத்தில் விசையை அழுத்திப் பிடித்திருந்தாலும் பேட்டரி வேகமாகத் தீர்வதன் காரணம் இதுதான்.

இந்தக் காற்றுத் தடை மூன்று காரணிகளால் கூடுகிறது. அவற்றின் அளவைத் தெரிந்துகொண்டால் கருவியின் பட்டியலில் உள்ள எண்கள் பொருள் தரத் தொடங்கும்.

முதலாவது சுழலும் வேகம். தேவைப்படும் சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.8ஐ மூன்று முறை பெருக்கி வரும் 0.51 பங்கு சக்தியே போதும். அதாவது செலவு ஏறத்தாழ பாதியாகிறது. ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி விளம்பரத்துக்கான அலங்காரம் அன்று. அருகம்புல் போன்ற மெல்லிய புல்லைக் குறைந்த வேகத்தில் வெட்டினால் அதே பேட்டரி இரு மடங்கு நேரம் வரும்.

இரண்டாவது இழையின் நீளம், அதாவது வெட்டு அகலம். இதன் விளைவு எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. இழை நீளும்போது காற்றில் அலையும் பரப்பும் கூடுகிறது, நுனியின் வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து, அதே சுழற்சி வேகத்தில், தேவைப்படும் சக்தி நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. வெட்டு அகலம் 25 சென்டிமீட்டரிலிருந்து 30 ஆனால் சக்தி இரு மடங்காகிறது. 18 வோல்ட் கருவிகள் பெரும்பாலும் 25 முதல் 30 சென்டிமீட்டரில் நின்றுவிடுவதும், 38 சென்டிமீட்டர் அகலம் 56 வோல்ட் போன்ற பெரிய கருவிகளிலேயே காணப்படுவதும் இதனால்தான். சிறிய பேட்டரியோடு மிக அகலமான தலையைக் காட்டும் கருவி, வேகத்தையோ நேரத்தையோ எங்காவது விட்டுக்கொடுத்தே தீரும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. தலைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் காப்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு சிறிய கத்தி இருக்கும். இழை அளவுக்கு மீறி நீளும்போது அதை நறுக்குவதே அதன் வேலை. பார்வைக்கு இடைஞ்சல் என்று காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்கள் கல்லும் மண்ணும் தங்கள் மேல் தெறிக்க வழிசெய்வதோடு, இழையையும் கட்டுப்பாடின்றி நீளவிடுகிறார்கள். கொஞ்சம் நீண்ட இழையே மோட்டாரையும் பேட்டரியையும் சூடேற்றிவிடும்.

மூன்றாவது இழையின் பருமன். இங்கே கணக்கு எளியது: 1.6 மில்லிமீட்டருக்குப் பதில் 2.4 மில்லிமீட்டர் இழை போட்டால் காற்றுத் தடை ஒன்றரை மடங்கு. பருத்த இழை தடித்த களைகளைத் தாங்கும், எளிதில் அறுந்துபோகாது. ஆனால் அதைச் சுழற்றச் சக்தி வேண்டும். நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் பருமனைத் தாண்டாமல் இருப்பதே அறிவுடைமை. பல சிறு கருவிகள் இரண்டு இழைகளுக்குப் பதில் ஒற்றை இழையோடு வருவதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. ஓர் இழை குறைந்தால் காற்றுத் தடையும் பாதி குறைகிறது.

ஆக, வேகம், நீளம், பருமன் ஆகிய மூன்றும் ஆற்றலைத் தின்பவை. அவற்றுள் நீளமே மிகப் பெரிய செலவாளி.

எவ்வளவு நேரம் ஓடும்

வாட்-மணியை மோட்டார் எடுக்கும் வாட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 72 வாட்-மணி பேட்டரி, சராசரியாக 300 வாட் எடுக்கும் கருவியை 0.24 மணி நேரம், அதாவது 14 நிமிடங்கள் ஓட்டும். விசையை விட்டுவிட்டு அழுத்தி, வேகத்தைக் குறைத்து வேலை செய்தால் 25, 30 நிமிடம்வரை நீட்டலாம். பெட்டியின் மேல் ஒரு மணி நேரம் என்று பெரிதாக எழுதியிருந்தால், அது எந்த வேகத்தில், எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரியில் என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும். அந்த விவரமே இல்லையென்றால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு விஷயத்துக்கு மனத்தளவில் தயாராக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி படிப்படியாகத் தளர்ந்து நிற்பதில்லை. கலங்களின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினாலோ, வெப்பம் மிகுந்தாலோ, உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி திடீரென்று நின்றால் அது பழுது என்று பதற வேண்டாம்.

மின்னேற்றும் நேரத்தையும் வாங்கும்போதே பார்க்க வேண்டும். 4 ஆம்பியர்-மணி பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜர் நிரப்ப இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். 1 ஆம்பியர் சார்ஜருக்கு நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். வேலையை இடையில் நிறுத்திக் காத்திருக்க முடியாதவர்கள் இரண்டாவது பேட்டரிக்கான விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மின்கட்டணம் பொருட்டே அல்ல: சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட்டில் இத்தகைய பேட்டரியைப் பத்து முறைக்கு மேல் நிரப்பலாம்.

மோட்டார்

பிரஷ் மோட்டார் என்பது, சுழலும் பாகத்துக்குக் கரித்துண்டுகள் உரசி மின்சாரம் கொடுக்கும் பழைய வகை. பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உரசல் இல்லை. சுழலும் பாகத்தில் நிலைக்காந்தங்கள் இருக்க, அசையாமல் நிற்கும் கம்பிச்சுருள்களுக்கு மின்னணுச் சுற்று ஒன்று முறைமாற்றி மின்சாரம் கொடுக்கிறது. உரசல் இழப்பு இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும், தேயும் கரித்துண்டும் இல்லை. மாதம் ஒருமுறை வாசலோரத்தை மட்டும் சீர்செய்பவருக்கு பிரஷ் மோட்டாரே போதும். வாரந்தோறும் வேலை இருப்பவர் பிரஷ்லெஸ் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இழை வெளிவரும் முறை

வெட்ட வெட்ட இழை தேய்ந்து குறுகும். சுருளிலிருந்து புதிய இழை வெளியே வர வேண்டும். தட்டு முறையில், ஓடிக்கொண்டிருக்கும் தலையைத் தரையில் மெல்லத் தட்டினால் இழை நீளும். தானியங்கி முறையில், விசையை விட்டு மீண்டும் அழுத்தும்போது சுழற்சி வேகம் மாறுவதைப் பயன்படுத்தி இழை தானாகவே சிறிது வெளிவரும். நான் தட்டு முறையையே பரிந்துரைப்பேன். தேவையானபோது மட்டும் இழை வெளிவருவதால் வீணாவது குறைவு; உள்ளே இருக்கும் அமைப்பும் எளியது. தானியங்கி முறையில், விசையை அடிக்கடி விட்டு அழுத்துபவர்களுக்கு இழை தேவையின்றி நீண்டு, காப்புத் தகட்டின் கத்தியால் நறுக்கப்பட்டுத் தோட்டமெங்கும் பிளாஸ்டிக் துணுக்குகளாகச் சிதறும்.

நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெயிலில் காய்ந்து கிடந்த சுருள் மொரமொரப்பாகி அடிக்கடி அறுந்தால், அதை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் நெகிழ்ச்சி பெருமளவு திரும்பிவிடும்.

வெட்டும்போது இழையின் நுனி மட்டும் புல்லில் படவேண்டும். தலையை அப்படியே புதருக்குள் அழுத்தினால் இழை சுற்றிக்கொண்டு வேகம் விழும். மோட்டார் தடுமாறும் அந்நேரத்தில்தான் மின்னோட்டம் மிக அதிகமாக எகிறும். உயரமான புல்லை மேலிருந்து கீழாக இரண்டு மூன்று அடுக்குகளாக வெட்ட வேண்டும்.

இரும்புத் தகடு பற்றிய எச்சரிக்கை

மலிவான கருவிகள் பலவற்றோடு வட்ட ரம்பமும் இரும்புத் தகடுகளும் இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. ஒரே கருவியில் புல்லும் வெட்டலாம், கருவேலங்கன்றும் வெட்டலாம் என்று காணொளிகள் காட்டுகின்றன. இழை கல்லில் பட்டால் நுனி தேயும். தகடு கல்லில் பட்டால் கருவியே பக்கவாட்டில் எகிறும், அல்லது தகட்டின் துண்டு பறக்கும். தகட்டைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்ட கருவிகளில் உறுதியான காப்பும், தோள்வாரும், இரு கைகளுக்கும் அகன்ற பிடியும் இருக்கும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள மெல்லிய தண்டில் ரம்பத்தை மாட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சங்கிலிக் கண்ணிகளாலான உலோகத் தலைகள் இன்னும் கொடியவை. 2010இல் பிரிட்டனில் இத்தகைய தலையிலிருந்து தெறித்த கண்ணி பட்டு ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இணைக்கப்பட்ட பல உலோகத் துண்டுகளாலான தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடைசெய்தது. நம் இணையக் கடைகளில் இவற்றைக் கண்டால் வாங்காதீர்கள்.

இழையும் விளையாட்டுப் பொருள் அன்று. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடங்கக் கூடாது. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் 15 மீட்டர் தொலைவுக்கு அப்பால் இருக்க வேண்டும். தலையைத் தொடுமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் இயந்திரம் ஓடினால் சத்தம் எச்சரிக்கும். பேட்டரிக் கருவியோ அமைதியாக இருந்துகொண்டே, விசை தவறுதலாக அழுந்தியதும் முழு வேகத்தில் சுழலும்.

யாருக்கு எது ஏற்றது

ஒரு கிரவுண்ட் மனையில் வீடு போக மிஞ்சும் இடம், மதிலோரம், வாசல் நடைபாதை, சில பூச்செடிகள் என்று இருப்பவருக்கு 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி, 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் இழை என்ற அளவு நிறைவாகப் போதும். எடை இரண்டரை, மூன்று கிலோவுக்குள் அடங்குவதால் வயதானவர்களும் கையாளலாம். பத்து, பதினைந்து சென்ட் பரப்பும், மழைக்குப் பின் முழங்கால் உயரம் எழும் கோரையும் உள்ளவர்கள் 36 அல்லது 40 வோல்ட், 140 வாட்-மணிக்குக் குறையாத பேட்டரி, பிரஷ்லெஸ் மோட்டார், 2 மில்லிமீட்டர் இழை என்று போக வேண்டும். இவை நான்கு கிலோவைத் தொடும். தோள்வார் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஏக்கர் கணக்கில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு, இன்றைய நிலையில், பெட்ரோல் பிரஷ் கட்டரே பொருத்தமானது என்று சொல்வேன். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட்; அந்த அளவு சக்தியை அரைநாள் முழுதும் பேட்டரியில் பெற வேண்டுமானால் பல பேட்டரிகள் வேண்டும், அவற்றின் விலை கருவியின் விலையை எளிதில் தாண்டிவிடும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கும் தோட்டங்களில் எந்தக் கருவியானாலும் குழாயருகே கையால் களையெடுப்பதே நல்லது. மெல்லிய கறுப்புக் குழாயை இழை ஒரே வீச்சில் அறுத்துவிடும். இளம் மா, கொய்யாக் கன்றுகளின் அடிமரத்திலும் இழை படக் கூடாது. பட்டைக்குள் ஓடும் திசுக்களே இலைகள் தயாரித்த உணவை வேருக்குக் கொண்டுசெல்கின்றன. பட்டை சுற்றிலும் உரிந்துபோன கன்று நாளடைவில் வாடிவிடும். கன்றைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் அங்கே வெட்ட வேண்டிய தேவையே எழாது.

ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பேட்டரி துளைக்கருவி வீட்டில் இருந்தால், அதே பேட்டரியை ஏற்கும் புல்வெட்டியைப் பேட்டரி இல்லாமல் தனியாக வாங்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். செலவில் பெரும்பகுதி பேட்டரிக்கே போகிறது. உதிரி பேட்டரியும் இழைச்சுருளும் உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கருவியின் ஆயுள் அதோடு வந்த பேட்டரியின் ஆயுள் மட்டுமே.

பேட்டரியின் ஆயுள்

லித்தியம் கலங்களுக்கு முதல் பகை வெப்பம். சித்திரை வெயிலில் வேலை முடித்தவுடன் சூடாக இருக்கும் பேட்டரியை நேரே சார்ஜரில் செருகக் கூடாது. நிழலில் அரை மணி நேரம் ஆறவிட்டுச் செருக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகையிலும் மூடிய காருக்குள்ளும் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் குளிர்ந்த மூலையே அதற்குரிய இடம். மாதக்கணக்கில் பயன்படாது என்றால் முழுதும் நிரப்பியோ முழுதும் காலியாகவோ வைக்காமல், பாதியளவு மின்னேற்றத்தில் கருவியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். கோடையில் களை குறைந்து, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மீண்டும் எழும் நம் ஊர்களில் இந்த இடைவெளி நான்கைந்து மாதங்கள்கூட நீளலாம். நடுவில் ஒருமுறை எடுத்து, பேட்டரியின் விளக்குகளில் எத்தனை எரிகின்றன என்று பார்த்து, ஒன்றே எரிந்தால் மீண்டும் பாதிவரை ஏற்றி வைத்தால் போதும்.